அழுவதற்கு அனுமதி வேண்டாம்: வாசகர் கேள்வி–பதில்

மனக்காயங்களைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டோம். பதில் சொல்பவர்கள் திருச்சபைகளில் ஆற்றுப்படுத்தும் பணியில் இருப்பவர்களும் ஒரு மனநல மருத்துவரும்.

என் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. "அழாதீங்க, அவர் கர்த்தரிடத்தில் இருக்கிறார், ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்கிறார்கள் சபையார். முழங்கால் போட்டால் எனக்கு ஒரு வார்த்தையும் வருவதில்லை. கோபம்தான் வருகிறது, கர்த்தர்மேலேயே கோபம். இது பாவமா?
– வாசகி, நாகர்கோவில்

அம்மா, அந்தக் கோபத்தோடேயே முழங்கால் போடுங்கள். வேதத்தில் அதற்கு இடம் இருக்கிறது, அதுவும் நிறைய இடம். வேதப் பாடல்களான 150 சங்கீதங்களில் வேறெந்த வகையையும்விடப் புலம்பல்தான் அதிகம். 13-ஆம் சங்கீதம் மொத்தமே ஆறு வசனம். அதில் முதல் இரண்டிலேயே "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்கிறார் தாவீது. "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கர்த்தரின் முகத்துக்கு நேரே கேட்ட கேள்வியை யாரும் அழிக்கவில்லை, ஆலயத்தில் பாடவே வைத்தார்கள். 88-ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. முறையீட்டோடு தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூடக் கிடையாது.

உங்களிடம் சொல்லப்படும் வசனம் 1 தெசலோனிக்கேயர் 4:13 ஆக இருக்கலாம். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் அங்கே எழுதுகிறார். துக்கமே கூடாது என்று அவர் எழுதவில்லை. இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். அழுகையை அவிசுவாசக் கணக்கில் எழுதுகிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

இனி, செய்ய வேண்டியது. ஒரு நோட்டு வாங்குங்கள். அடுத்தடுத்து நான்கு நாள், நாளுக்கு 15 முதல் 20 நிமிடம், பகல் வேளையில், யாரும் குறுக்கே வராத இடத்தில் உட்கார்ந்து எழுதுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம், தூக்கம் கெடும். இந்த அளவு நாங்களாகச் சொல்வதல்ல. 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் தொடங்கி வைத்த ஆய்வுகள் ஏறக்குறைய இந்த அளவில்தான் நடந்தன. நாம் அதை ஜெபமாக எழுதுகிறோம், அவ்வளவுதான்.

முதலில் கர்த்தரை எப்படிக் கூப்பிட வருகிறதோ அப்படிக் கூப்பிடுங்கள். "கர்த்தாவே" என்று ஒரு சொல் போதும். அடுத்து முறையீடு. பெரும்பாலானவர்கள் வழுக்குவது இங்கேதான். "மனசு சரியில்லை, பாரமாக இருக்கிறது" என்று பொதுவாக எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள், உள்ளே ஒன்றும் அசையாது. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். ரேஷன் கார்டில் அவர் பெயரை நீக்கப் போன அன்று கவுண்டரில் நின்றது, வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தது, ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகக் கிடப்பது, ஆஸ்பத்திரியில் கடைசி ராத்திரி வீட்டுக்குப் போய்விட்டோமே என்ற குத்தல், எல்லாம் வரட்டும். அதற்குப் பிறகு விண்ணப்பம். இன்றைக்கு என்ன வேண்டும் என்று ஒன்றைக் கேளுங்கள். "இன்று ராத்திரி ஐந்து மணி நேரம் தூக்கம் தாரும்" என்பதுகூட விண்ணப்பம்தான்.

நான்காவது, நம்பிக்கை அறிக்கை. 13-ஆம் சங்கீதத்தில் அது ஐந்தாம் வசனத்தில்தான் வருகிறது. உங்களுக்கு வராவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு நோட்டை மூடுங்கள். 88-ஆம் சங்கீதக்காரரும் அப்படித்தான் மூடினார். வராத நன்றியை வலிந்து எழுதினால், மறுநாள் முறையீட்டுப் பகுதியிலும் உண்மை வராது.

எழுதியதை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். பிறகு முகம் கழுவி, டீ குடித்து, பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். எழுதிய பின் ஓரிரு மணி நேரம் மனம் முன்னைவிடக் கனமாக இருப்பது சகஜம். கனம் நாள்கணக்கில் இறங்காவிட்டால் எழுதுவதை நிறுத்திவிட்டு ஆற்றுப்படுத்துநர் ஒருவரைப் பாருங்கள். ஓராண்டு கடந்தும் அன்றாட வேலை எதுவும் ஓடாமல், ஏக்கம் முதல் நாள்போலவே இருந்தால் அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. முதல் நினைவுநாள் நெருங்கும்போது துக்கம் மறுபடி கூடும். அதைப் பின்னடைவு என்று எண்ண வேண்டாம்.

குடித்துவிட்டு அடிக்கும் அப்பாவை ஒரு தியான முகாமில் மன்னித்துவிட்டேன். அழுது ஜெபித்தேன், பாரம் இறங்கியது. ஆனால் இப்போதும் வாசல் கேட் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது, பழைய ஆத்திரம் வருகிறது. அன்று நான் மன்னித்தது பொய்யா?
– வாசகர், தூத்துக்குடி

பொய் இல்லை, தம்பி. முகாமில் நீங்கள் எடுத்தது ஒரு தீர்மானம்: பழிவாங்க மாட்டேன், அவரை மனுஷராக நடத்துவேன் என்பது. தீர்மானத்தை ஒரே ராத்திரியில் எடுக்கலாம். உணர்வு அதன் பின்னால் மெதுவாகத்தான் வரும், சிலருக்கு வருஷக்கணக்கும் ஆகும். எவரெட் வொர்திங்டன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ உளவியலாளர் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியவர். மன்னிப்பைப் பற்றி அவர் ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், 1996 புத்தாண்டு வேளையில், அவருடைய தாய் வீட்டில் திருட வந்தவனால் கொல்லப்பட்டார். ஆகையால் அவர் வகுத்த படிகளை ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்க முடியாது. காயத்தை உள்ளபடி நினைவுகூர்வது, அதைச் செய்தவரின் நிலையிலிருந்து ஒருமுறை பார்க்க முயல்வது, நாம் பெற்ற மன்னிப்பை நினைத்து அதை இலவசமாகக் கொடுப்பது, கொடுத்ததை எழுதிவைப்பது, சந்தேகம் வரும்போது அதைப் பற்றிக்கொள்வது என்று ஐந்து படிகள். தியான முகாம்களில் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து மூன்றாவதுக்குப் போய்விடுகிறார்கள். நேரம் போதாது, பாடல் குழுவும் அதற்குள் அடுத்த பாட்டைத் தொடங்கிவிடும்.

ஆகவே நான்காம் படியைச் செய்யுங்கள். ஒரு தாளில் தேதி போட்டு, எதையெதை மன்னித்தீர்கள் என்று பெயர் சொல்லி எழுதி, வேதப் புத்தகத்துக்குள் வையுங்கள். "எல்லாவற்றையும் மன்னித்தேன்" என்று மொத்தமாக எழுத வேண்டாம். "பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி நடந்ததை" என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். பிற்பாடு புதிதாக ஒன்று ஞாபகத்துக்கு வந்தால் அதே தாளில் சேர்த்துக்கொள்ளலாம். ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொன்ன கணக்கை ஒரே குற்றத்துக்கும் போடலாம் என்பது எங்கள் எண்ணம்.

கேட் சத்தத்துக்கு உடம்பு நடுங்குவது வேறு விஷயம். ஆபத்து வருகிறது என்று உடம்பு பழகிய எச்சரிக்கை அது, மன்னிக்காத குணம் என்று நினைக்க வேண்டாம். அந்த நேரத்தில் நீண்ட ஜெபம் ஓடாது. இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்துங்கள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மூன்று நான்கு நிமிடம் போதும். மூச்சு விடும்போது "கர்த்தர் என் மேய்ப்பர்" என்று சொல்லிக்கொள்ளலாம். கண்ணை மூடாதீர்கள், மூடினால் பழைய காட்சி ஏறி வரும். கெட்ட கனவுகளும், சம்பவம் மறுபடி நடப்பதுபோன்ற காட்சிகளும் ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநிலைக்கான சிகிச்சையில் பயிற்சி பெற்றவரிடம் போக வேண்டும்.

அப்பா இன்னும் குடித்துவிட்டு அடிக்கிறார் என்றால் தனி வீடு பார்ப்பது மன்னிப்புக்கு விரோதமல்ல. அம்மாவையும் அடிக்கிறார் என்றால் 181 பெண்கள் உதவி எண்ணை அவர்களுக்குக் கொடுங்கள்.

மூதாதையர் சாபம் இருப்பதால்தான் என் மனநோவு தீரவில்லை என்று ஒரு ஊழியர் சொல்கிறார். சாபக்கட்டை உடைக்க மூன்று நாள் விசேஷ ஜெபமும் காணிக்கையும் வேண்டுமாம்.
– வாசகர், ஓசூர்

பெற்றோர் பாவத்தைப் பிள்ளை தலையில் சுமத்தாத எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தையும் யோவான் 9-ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களையும் அவர் முன்னால் வாசித்துக் காட்டுங்கள். தொகை சொல்லிக் காணிக்கை கேட்டவுடனே எழுந்து வந்துவிடுங்கள்.

அப்பா உயில் எழுதாமல் காலமானார். வீட்டை அண்ணன் தன் பெயருக்கு மாற்றப் பார்க்கிறார். கேட்டால், "கிறிஸ்தவ சகோதரிதானே, மன்னிச்சு விட்டுக்கொடு" என்கிறார். சபைப் போதகரான ஐயரும், அண்ணனோடு ஒப்புரவாகாமல் திருவிருந்து எடுக்கக் கூடாது என்கிறார்.
– வாசகி, பாளையங்கோட்டை

ஐயர் மனதில் இருப்பது மத்தேயு 5:23, 24 ஆகத்தான் இருக்க வேண்டும். அதை மறுபடி வாசித்துப் பாருங்கள்: "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறைஉண்டென்று" நினைவுக்கு வந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிறது. குற்றம் செய்தவருக்குச் சொன்ன வசனம் அது. இந்த வழக்கில் பலிபீடத்திலிருந்து எழுந்து போக வேண்டியவர் உங்கள் அண்ணன். காயப்பட்டவருக்கு லூக்கா 17:3 இருக்கிறது: கடிந்துகொள், "அவன் மனஸ்தாபப்பட்டால்" மன்னிப்பாயாக.

மன்னிப்பு உங்கள் பக்கத்துக் காரியம், அண்ணன் திருந்தாவிட்டாலும் நீங்கள் அதைச் செய்யலாம். ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும். யோசேப்பைக் கவனியுங்கள். ஆதியாகமம் 42-இல், தன்னை விற்றுப்போட்ட சகோதரர்களைக் கண்டதும் அவர் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. விசாரித்தார், சிமியோனைப் பிடித்து வைத்தார், பென்யமீனைக் கொண்டுவரச் சொன்னார். தம்பிக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி யூதா மன்றாடிய பிறகுதான், 45-ஆம் அதிகாரத்தில், தான் யார் என்று சொன்னார். இடையில் இரண்டு முறை ஒதுங்கிப்போய் அழவும் செய்தார். பாசம் இருந்தது, ஆனாலும் அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று பார்க்காமல் நெருங்கவில்லை.

சொத்து விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. உயில் இல்லாத கிறிஸ்தவரின் சொத்துக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அம்மா இருந்தால் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு. மீதி பிள்ளைகளுக்குச் சரிசமம், ஆண் பெண் வேறுபாடு கிடையாது. மன்னித்ததை நிரூபிக்க, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அழுகையும் பாட்டுமாக இருக்கும் குடும்ப ஜெபம் முடிந்த கையோடு பத்திரத்தை நீட்டுவார்கள், கவனம். பதிவான பின் அதை ரத்து செய்வது பெரும்பாடு. உண்மையிலேயே பங்கைக் கொடுக்க மனமிருந்தால் ஆறு மாதம் கழித்து, வக்கீலைக் கேட்டுவிட்டு, தாராளமாகக் கொடுங்கள்.

அதற்கு முன் மத்தேயு 18:15–17 சொல்லும் வரிசையில் போகலாம். முதலில் அண்ணனோடு தனியாக ஒருமுறை பேசுங்கள். என்ன நடந்தது, உங்களுக்கு என்ன வேண்டும் என்ற இரண்டை மட்டும் சொல்லுங்கள். பழைய கதைகளை அதற்குள் இழுத்தால் பேச்சு அங்கேயே முறியும். இணங்காவிட்டால் அவர் மதிக்கும் ஒருவரோ இருவரோ உடன் வரட்டும், பேசி முடித்ததை எழுத்தில் வாங்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் சபை மூப்பர்கள். ஐயரிடம் இந்த வரிசையைச் சொல்லி, கூட வரும்படி கேளுங்கள்.

மன அழுத்தத்துக்கு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், எடுக்கத் தொடங்கி பத்து நாள். குறைந்தபாடில்லை. "மாத்திரையை நம்புறதா, கர்த்தரை நம்புறதா" என்று ஜெபக்குழுவில் கேட்கிறார்கள். உபவாசம் இருந்தால் சரியாகுமா?
– வாசகர், வேலூர்

பத்து நாளில் குறையாது. இவ்வகை மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம். முதல் வாரத்தில் குமட்டல், படபடப்பு, தூக்கக் குறைவு வரலாம், பிறகு அடங்கிவிடும். கெடுதல் முதலிலும் நன்மை பிறகும் வருவதால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். திடீரென்று விட்டால் சில நாளில் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற வெட்டு எல்லாம் வரலாம். அதைப் பார்த்து "பிசாசின் போராட்டம்" என்று ஒரு பெயர் வேறு வைப்பார்கள். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும். நிறுத்தும்போது டாக்டர் சொல்படி அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

உபவாசத்துக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். உப்பைத் திடீரென்று விடுவதும் அப்படித்தான். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு.

ஜெபக்குழுவின் கேள்விக்கு 1 இராஜாக்கள் 19-ஐக் காட்டுங்கள். கர்மேலில் அக்கினியை இறக்கிய எலியா, அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். கர்த்தர் பிரசங்கம் பண்ணவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி நாற்பது நாள் கழித்து ஓரேபில்தான் வந்தது. பவுலும் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு அக்காலத்து மருந்தாகிய கொஞ்சம் திராட்சரசத்தைத்தான் சிபாரிசு செய்தார்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். ராத்திரியாக இருந்தால் 14416 (டெலி மானஸ்): இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். வீட்டில் இருப்பவர்கள் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வைத்து, கூடவே இருக்க வேண்டும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

சிறுவயதில் உறவினர் ஒருவர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். அதை ஒவ்வொரு ஒப்புரவு அருட்சாதனத்திலும் சொல்கிறேன். மன்னிப்புக் கிடைத்தும் அழுக்கு உணர்வு போகவில்லை.
– வாசகி, திண்டுக்கல்

அது உங்கள் பாவமே அல்ல, ஆகையால்தான் பாவமன்னிப்பு அந்த இடத்தைத் தொடவில்லை. ஒப்புரவு அருட்சாதனம் நீங்கள் செய்தவற்றுக்கு. உங்களுக்குச் செய்யப்பட்டதற்கு வேறு பாதை வேண்டும். அடுத்த முறை அருட்தந்தையிடம் "இதைப் பாவமாகச் சொல்லவில்லை, காயமாகச் சொல்கிறேன்" என்று ஆரம்பியுங்கள். அருட்சாதனத்தில் சொன்னதை அவர் உங்களிடம்கூடத் தாமாக மறுபடி எடுக்க மாட்டார், அருட்சாதனத்தின் ரகசிய முத்திரை அப்படி. எனவே தொடர்ந்து பேச வேண்டுமானால் அதற்கு வெளியே, பயிற்சி பெற்ற அருட்சகோதரியோ பெண் ஆற்றுப்படுத்துநரோ நல்லது. வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் என்று முறையாக அமைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லித் தீர்க்க வேண்டியதில்லை. அந்த நபர் இன்றும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வந்துபோகிறார் என்றால் அதை மட்டும் முதல் நாளே சொல்லுங்கள்.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு சகோதரி தன் வேதனையைச் சொல்லி அழுதார். ஜெபித்தோம். அடுத்த வாரம் ஊரே அதைப் பேசுகிறது. அவர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். நாங்கள் எப்படிச் செய்திருக்க வேண்டும்?
– சங்கத் தலைவி, திருச்சி

ஜெபக் குறிப்பு என்ற பெயரில்தான் சபைகளில் புறங்கூறுதல் நடக்கிறது. முதல் வேலை, அந்தச் சகோதரி வீட்டுக்குப் போய் "எங்களால் உங்கள் பேச்சு வெளியே போயிற்று, மன்னியுங்கள்" என்று கேட்பது. கூட்டத்துக்குத் திரும்பக் கூப்பிடுவது அந்தச் சந்திப்பில் வேண்டாம்.

இனிமேல் யாராவது அழத் தொடங்கினால், கூட்டத்தில் "சகோதரிக்காக ஜெபிப்போம்" என்பதோடு நிறுத்துங்கள். பிறகு இருவர் மட்டும் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் பெயரும் விவரமும் போகக் கூடாது. போரால் அடிபட்ட ஆப்பிரிக்க நாடுகளின் திருச்சபைகளில் மனக்காயம் ஆற்றும் பயிற்சியில் மூன்று கேள்விகளைக் கற்றுக்கொடுக்கிறார்கள்: என்ன நடந்தது? அப்போது எப்படி இருந்தது? அதில் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது எது? இந்த மூன்றுக்கு மேல் நீங்கள் பேசவே வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் செய்தார்கள், வாயைத் திறந்ததும் கெட்டது. தலையில் கை வைத்து ஜெபிக்குமுன் "கை வைக்கலாமா?" என்று கேளுங்கள். அடிபட்டவருக்கோ, பாலியல் தீங்கு நேர்ந்தவருக்கோ கேளாமல் விழும் கை பழைய பயத்தைக் கிளப்பிவிடும். ஆறு மாதம் கழித்தும் ஒரு போன் போடுங்கள். முதல் வாரம் எல்லாரும் வருவார்கள், மூன்றாம் மாதம் யாரும் இருப்பதில்லை.

ரகசியம் காப்பதற்கு ஒரு விலக்கு உண்டு. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்தது தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் விட்டால் ஆறு மாதம்வரை சிறை உண்டு. போதகர், மூப்பர், சங்கத் தலைவி யாருக்கும் விதிவிலக்கு இல்லை. 1098-க்குப் போன் செய்தாலும் வழி காட்டுவார்கள். சபைக்குள் பேசித் தீர்க்க முயலாதீர்கள், குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு முன்கூட்டியே எச்சரிக்காதீர்கள். பிள்ளையை ஆள் மாற்றி ஆள் விசாரிக்கவும் கூடாது. அது தானாகச் சொன்னதைச் சொன்ன வார்த்தைகளிலேயே தேதியோடு எழுதிவைத்து, காவல்துறையிடம் அந்தத் தாளைக் கொடுங்கள்.